மூன்றில் ஒரு பங்கு

நான் யோக்கியதை இல்லாதவன் என்பது ஒரு கோர்ட்டில் வைத்துத் தீர்மானமாகிவிட்டது. வாசகர்களிடம் இதை மறைப்பானேன்? இருபது வருஷமாகக் கதை எழுதுகிறேன். ஊரில் நாலு பேர் ‘எழுத்தாளர் வீடு’ என்று அடையாளம் சொல்லுமளவுக்குப் பெயரும் இருக்கிறது. ஆயினும் 2025 பிப்ரவரியில் ஒரு நாள் முற்பகல், கோர்ட்டுக் குமாஸ்தா ஒருவர் நான் கொண்டுபோன காகிதங்களை முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்துவிட்டு, “உங்க பேர்ல ஒண்ணுமே இல்லையே ஸார்!” என்றார். வாஸ்தவந்தான். வீடு என் மனைவியின் பெயரில் இருக்கிறது. வீட்டு வரி ரசீதும் அவள் பெயரில். என் பெயரில் இருப்பவை நாவல்கள். அவற்றுக்குச் சொத்து மதிப்புச் சான்றிதழ் தருகிற தாசில்தார் இன்னும் பிறக்கவில்லை.

ஒரு பையனுக்கு ஜாமீன் நிற்கப் போயிருந்தேன். யார் அந்தப் பையன் என்பதைச் சொல்லிவிட்டால்தான் மேலே போக முடியும்.

எங்கள் செவ்வாப்பேட்டையில், ஸ்டேஷனுக்குப் போகிற வழியில் ஓர் அம்மாள் இட்லிக் கடை வைத்திருக்கிறாள். கடை என்றால் ஒரு தள்ளுவண்டி, ஒரு பெஞ்சு, மேலே நீலத் தார்ப்பாய். காலை ஐந்தரை மணிக்கு முதல் ஈடு இறங்கிவிடும். திருவள்ளூரிலிருந்து வரும் மின்சார ரயிலைப் பிடிக்க ஓடுகிறவர்களில் பாதிப் பேர் அவள் கையில் வாங்கித்தான் சாப்பிடுகிறார்கள். புருஷன் இல்லை. ஒரே பையன், வயது 22, ஐ.டி.ஐ.யில் பிட்டர் படித்தவன். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையில் காண்டிராக்ட் ஆளாக வேலை. எங்கள் ஊரிலிருந்து கும்மிடிப்பூண்டிக்கு ரயிலில் போவதென்றால் பேசின் பிரிட்ஜ் வரை ஒரு வண்டி, அங்கிருந்து இன்னொரு வண்டி. ஷிப்டுக்கு இது ஒத்து வராது என்று அங்கேயே ஏழெட்டுப் பேராகச் சேர்ந்து ஓர் அறை எடுத்துத் தங்கியிருந்தான். ஞாயிற்றுக்கிழமை வந்தால் அம்மாவுக்கு மாவு அரைத்துக் கொடுத்துவிட்டுப் போவான்.

2024 நவம்பரில் அந்தத் தொழிற்சாலையில் செம்புக் கம்பிச் சுருள் ஒன்று காணாமல் போயிற்று. அன்றிரவு ஷிப்டில் இருந்த மூன்று பேரைப் பிடித்தார்கள். இவன் அதில் ஒருவன். கம்பியின் மதிப்பு நாலாயிரத்துச் சொச்சம் ரூபாய் என்று காகிதத்தில் போட்டிருந்தது.

அவன் எடுத்தானா, இல்லையா? எனக்குத் தெரியாது. இதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். ‘ஏழை திருடமாட்டான்’ என்று கதை கட்டுகிற ஜாதியைச் சேர்ந்தவனல்ல நான். ஏழைகளோடு பழகியவர்கள் அப்படிச் சொல்லமாட்டார்கள். அவன் எடுத்தானா என்பது எனக்குத் தெரியாதது போலவே போலீஸாருக்கும், மாஜிஸ்திரேட்டுக்கும், ஜெயில் வார்டருக்கும் தெரியாது. இந்தக் கட்டுரையில் நான் வற்புறுத்த விரும்புவது அந்தத் தெரியாமையைத்தான். தெரியாத ஒரு விஷயத்துக்காக ஏழு மாதம் ஒருவனைப் பூட்டி வைக்க முடிந்தது.

கைதானதும் ரிமாண்ட். ரிமாண்ட் என்றால் எங்கள் பக்கத்தில் புழல். சென்னை சென்ட்ரலுக்குப் பக்கத்தில் இருந்த பழைய மத்தியச் சிறையைக் காலி செய்து 2006-ல் புழலுக்குக் கொண்டுபோனார்கள். அங்கே தண்டனை பெற்றவர்களுக்கு ஒரு சிறை, விசாரணைக் கைதிகளுக்கு ஒரு சிறை, பெண்களுக்குத் தனிச் சிறை. பையன் போனது இரண்டாவதற்கு. ஜனவரியில் ஜாமீன் உத்தரவு வந்தது. அந்த அம்மாள் அன்று கடையைச் சீக்கிரமே மூடிவிட்டு எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

“ஜாமீனு குடுத்துட்டாங்களாம் ஸார். ஆனா ரெண்டு ஆளு வோணுமாம். சொத்து இருக்கிற ஆளாம்” என்றாள். சந்தோஷப்படுவதா, அழுவதா என்று அவளுக்கே புரியவில்லை.

ஆள் ஒன்றுக்குப் பத்தாயிரம் ரூபாய் மதிப்பில் இரண்டு ஜாமீன்தாரர்கள். அவர்களும் அந்தக் கோர்ட்டின் எல்லைக்குள் வீடு வாசல் உள்ளவர்களாக இருந்தால் நல்லது. அவளுக்குத் தெரிந்தவர்களில் சொத்து உள்ளவர்கள் என்றால் அவளிடம் இட்லி வாங்கிச் சாப்பிடுகிறவர்கள்தான். அதாவது நாம். நாலைந்து வீட்டு வாசலில் நின்று பார்த்திருக்கிறாள். நான் ஆறாவது ஆள் என்பது பிறகு தெரிந்தது.

நான் போய்த் திரும்பிய கதையைத்தான் முதலில் சொன்னேன். என் மனைவி தானே கையெழுத்துப் போடுவதாகச் சொன்னாள். ‘வீடு செவ்வாப்பேட்டையிலா? இந்த எல்லைக்குள் யாராவது இருந்தால் பாருங்களேன்’ என்று பதில் வந்தது. கோர்ட் வாசலில் ஒருவர் என் தோளைத் தொட்டு, தலைக்கு இவ்வளவு என்று விலை சொல்லி, இரண்டு ஜாமீன்தாரர்களை ரேஷன் கார்டு சகிதம் அழைத்து வருவதாகச் சொன்னார். யோக்கியமாக ஜாமீன் நிற்க வந்தவனுக்கு இடமில்லை. வாடகைக்கு நிற்கிறவனுக்கு ஆலமரத்தடியில் ஆபீஸே இருக்கிறது! அதற்கும் பணம் வேண்டும். அந்த அம்மாளிடம் இல்லை. நான் கொடுத்திருக்கலாம். பொய் ஜாமீனுக்குப் பணம் கொடுப்பதா என்று அன்றைக்கு நியாயம் பேசிக்கொண்டு திரும்பி வந்தேன். அந்த நியாயத்துக்கு விலை கொடுத்தவன் நானல்ல; புழலில் இருந்தவன்.

திரும்பி வருகிற ரயிலில் சர்க்கார் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற ஒரு சிநேகிதரைச் சந்தித்தேன். நல்ல மனிதர். என் கதைகளையெல்லாம் படித்து எழுத்துப் பிழை கண்டுபிடித்துச் சொல்கிறவர். விஷயத்தைக் கேட்டுவிட்டு, “என்ன ஸார், புதுச் சட்டம் வந்ததிலிருந்து திருடனுக்கெல்லாம் கொண்டாட்டந்தானே? மூன்றில் ஒரு பங்கு இருந்தால் போதும், விட்டுவிட வேண்டுமாமே! பேப்பரில் போட்டிருந்தானே?” என்றார்.

அவரோடு சண்டை போடத்தான் இந்தக் கட்டுரை. அவர் ஒருவரோடு மட்டுமல்ல, அவரைப்போல் நினைக்கிற எல்லாரோடும். பிப்ரவரி மாதம் வரையில் நானும் கிட்டத்தட்ட அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவர் சொன்ன புதுச் சட்டம் 2024 ஜூலை முதல் தேதி அமலுக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா. (இந்தப் பெயரை மூச்சு விடாமல் சொல்கிற கைதியைச் சொந்த ஜாமீனில் விடலாம் என்று ஒரு விதி இருந்தால் உருப்படியாக இருந்திருக்கும்.) அதன் 479-ஆம் பிரிவு இப்படிச் சொல்கிறது: மரண தண்டனையோ ஆயுள் தண்டனையோ விதிக்கக்கூடிய குற்றங்களை விட்டுவிடுங்கள், மற்றக் குற்றங்களில், இதற்கு முன் எந்தக் குற்றத்துக்கும் தண்டனை பெறாதவன், அந்தக் குற்றத்துக்குரிய உச்ச தண்டனைக் காலத்தில் மூன்றில் ஒரு பங்கைச் சிறையில் கழித்துவிட்டானென்றால், அவனைச் சொந்தப் பிணையில் விட வேண்டும். முன்பே தண்டனை பெற்றவனாக இருந்தால் பாதிக் காலம். காலம் முடிந்ததும் சிறை அதிகாரியே கோர்ட்டுக்கு எழுத வேண்டும். 2024 ஆகஸ்டு 23-ஆம் தேதி சுப்ரீம் கோர்ட் இன்னொரு படி மேலே போய், இந்தச் சலுகை ஜூலைக்கு முந்திய வழக்குகளுக்கும் உண்டு என்று உத்தரவிட்டது.

கேட்பதற்கு எவ்வளவு நன்றாயிருக்கிறது! நானும் படித்தபோது சந்தோஷப்பட்டேன். பிறகு அம்மாளின் பையனுக்காகக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். நான் கல்லூரியைப் பாதியில் விட்டவன். ஆனாலும் மூன்றால் வகுக்கத் தெரியும். சாதாரணத் திருட்டுக்கு உச்ச தண்டனை மூன்று வருஷம். அப்படியானால் ஒரு வருஷம் கழித்து வெளியே வரலாம். ஆனால் இவன் மேல் போட்டிருந்தது சாதாரணத் திருட்டல்ல. வேலைக்காரன் எஜமானின் பொருளைத் திருடிய பிரிவு. அதற்கு ஏழு வருஷம். மூன்றில் ஒரு பங்கு என்றால் இரண்டு வருஷம் நாலு மாதம். நாலாயிரத்துச் சொச்சம் ரூபாய்க் கம்பிக்கு, அதை அவன் எடுத்தானா என்பது தெரியுமுன்பே, இரண்டு வருஷம் நாலு மாதம்! சட்டத்தின் கருணை அங்கேதான் தொடங்குகிறது.

ஐயாயிரம் ரூபாய்க்கு உட்பட்ட முதல் திருட்டுக்கு, பொருளைத் திருப்பிக் கொடுத்துவிட்டால், சமூக சேவையே தண்டனை என்று அதே நாளில் அமலுக்கு வந்த இன்னொரு சட்டத்தில் இருக்கிறது. ஆனால் அது சாதாரணத் திருட்டுக்கு மட்டும். பிரிவின் எண்ணை மாற்றிப் போட்ட ஒரு பேனா முனையில் அந்த வாசலும் சாத்திக்கொண்டது.

இத்தோடு போகவில்லை. அதே பேட்டையில் சில மாதங்களுக்கு முன்னால் நடந்து, துப்புக் கிடைக்காமல் கிடந்த ஒரு பழைய திருட்டையும் இந்த மூன்று பேர் தலையில் எழுதினார்கள். ஸ்டேஷன்களில் இது நூதனமான வழக்கமல்ல. விளைவைக் கேளுங்கள். ஒருவன் மேல் ஒன்றுக்கு மேற்பட்ட வழக்குகள் நிலுவையில் இருந்தால் மூன்றில் ஒரு பங்கும் கிடையாது, பாதியும் கிடையாது என்று அதே 479-ஆம் பிரிவின் இரண்டாவது உட்பிரிவு சொல்கிறது. ஒரு கை திறந்துவிட்ட கதவை மறு கை சாத்துகிறது. என் ரயில் சிநேகிதர் படித்த பத்திரிகையில் முதல் உட்பிரிவை மட்டும் போட்டிருக்கிறார்கள் போலும்.

இந்தப் பங்குக் கணக்கு எப்படி வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1979-ல் பீகார் சிறைகளில் இருந்த விசாரணைக் கைதிகளைப் பற்றி ஹுஸைனாரா காத்தூன் வழக்கு சுப்ரீம் கோர்ட்டுக்கு வந்தது. செய்த குற்றத்துக்குச் சட்டம் விதிக்கிற உச்ச தண்டனையைவிட அதிக காலம், விசாரணையே இல்லாமல், உள்ளே கிடந்தவர்கள் அவர்கள். நாடே தலைகுனிந்தது. தலையை நிமிர்த்த இருபத்தாறு வருஷம் பிடித்தது. 2005-ல் சட்டத்தைத் திருத்தி, 2006 ஜூன் முதல், உச்ச தண்டனையில் பாதிக் காலம் கழித்தவனை விட்டுவிட வேண்டும் என்றார்கள். 2014-ல் சுப்ரீம் கோர்ட், மாஜிஸ்திரேட்டுகள் வாரம் ஒருமுறை சிறைக்கே போய் உட்கார்ந்து அப்படிப்பட்டவர்களைப் பொறுக்கி எடுத்து விட வேண்டும் என்று சொல்லிப் பார்த்தது. பலன் என்ன? 2006-ல் இந்தியச் சிறைகளில் இருந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு விசாரணைக் கைதிகள். 2022 கடைசியில் நாலில் மூன்று பங்குக்கும் சற்று அதிகம். சிறையிலிருந்த 5,73,220 பேரில் 4,34,302 பேர் தீர்ப்புச் சொல்லப்படாதவர்கள். நாட்டின் சிறைகள் அனைத்திலும் சேர்த்து அப்போது இருந்த இடமே 4,36,266 பேருக்குத்தான். தண்டனை பெற்ற கைதிகள் அத்தனை பேரையும் அன்று வீட்டுக்கு அனுப்பியிருந்தாலும் சிறைகள் நிரம்பித்தான் இருந்திருக்கும்!

தமிழ்நாட்டுச் சிறைகளில் வடக்கே இருப்பதுபோன்ற நெரிசல் இல்லை என்பது உண்மை. அதனால் நான் இடத்தைப் பற்றிப் பேசவில்லை. (நம்மிடம் வேறு விசேஷம் உண்டு. 1982-ஆம் வருஷத்துக் குண்டர் சட்டம். அதில் பிடித்தால் விசாரணை என்ற பேச்சே வேண்டியதில்லை, ஒரு வருஷம். அதைப் பற்றித் தனியே எழுத வேண்டும்.) நான் பேசுவது காலத்தைப் பற்றி. ‘இதற்கு மேல் வைக்காதே’ என்றுதான் சட்டம் சொல்கிறது. ‘அதுவரை வைக்கலாம்’ என்று நடைமுறையின் காதில் விழுகிறது. பாதியென்று இருந்ததை மூன்றில் ஒன்றாகக் குறைத்தோம் என்று மார் தட்டுகிறார்கள். நாளைக்கு நாலில் ஒன்றாகவும் குறைக்கக்கூடும். எதில் பங்கு? தண்டனையில் பங்கு. தண்டனை கொடுக்காதவனுக்குத் தண்டனையில் எப்படி ஐயா பங்கு வந்தது?

தண்டனை பெற்றவனுடைய நிலையைப் பாருங்கள். அவனுக்கு விடுதலைத் தேதி தெரியும். நன்னடத்தைக்குக் கழிவு உண்டு. தலைவர்கள் பிறந்தநாளுக்கு விடுதலை உண்டு. 2008-ல் அண்ணா நூற்றாண்டை ஒட்டி ஆயுள் கைதிகள் 1,405 பேரை நம் மாநில சர்க்கார் ஒரே சமயத்தில் விட்டது. நான் அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் பக்கத்துச் சிறையில் இருக்கும் விசாரணைக் கைதிக்கு எந்தத் தலைவரும் பிறப்பதில்லை. கழிவு என்றால் தண்டனையிலிருந்துதானே கழிக்க வேண்டும்? அவனிடம்தான் தண்டனை இல்லையே!

நம் இலக்கியத்தில் ஒரு கதை உண்டு. சிலப்பதிகாரத்தில் கட்டுரை காதையில் வருகிறது. மதுரை எரிந்த பின் மதுராபதித் தெய்வம் கண்ணகிக்குச் சொல்லும் கதை. தன் மகனுக்குப் பரிசாக வந்த நகைகளால் வார்த்திகன் என்ற அந்தணன் மேல் பொறாமைக்காரர்கள் திருட்டுக் குற்றம் சாட்டிச் சிறையில் அடைத்துவிடுகிறார்கள். அவன் மனைவி கார்த்திகை தெருவில் விழுந்து அழுகிறாள். ஐயை கோயில் கதவு திறக்க மாட்டேனென்று சாத்திக்கொள்கிறது. பாண்டியன் பதறிப்போய் விசாரித்து, வார்த்திகனை விடுவித்து, இரண்டு ஊர்களைக் கொடுத்து, அவன் முன் நிலத்தில் விழுந்து வணங்குகிறான். அத்தோடு நிற்காமல் நாட்டிலுள்ள சிறைக் கதவுகளையெல்லாம் திறக்கச் சொல்கிறான். வார்த்திகன் எத்தனை நாள் சிறையில் இருந்தான், அது உச்ச தண்டனையில் எத்தனையில் ஒரு பங்கு என்று அந்தப் பாண்டியன் கணக்குக் கேட்கவில்லை. மன்னராட்சி திரும்பி வர வேண்டுமென்று நான் சொல்வதாக யாரும் கடிதம் எழுத வேண்டாம். அதே பாண்டிய வம்சத்தில்தான் கோவலனை விசாரிக்காமல் வெட்டினார்கள்.

வெளிநாட்டைப் பார் என்பவர்களுக்காக ஒன்று. அமெரிக்காவில் காலிபோர்னியா மாகாணத்தில் சிறை நெரிசல் தாங்காமல் 2011-ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் கைதிகளைக் குறைக்கச் சொன்னது. மாகாணத்தார் என்ன செய்தார்கள்? சிறு குற்றக் கைதிகளைப் பெரிய சிறைக்கு அனுப்பாமல் உள்ளூர்ச் சிறைகளிலேயே தண்டனையைக் கழிக்கும்படி மாற்றினார்கள். நம் கணக்கில் சொன்னால், மத்தியச் சிறையில் குறைத்துக் கிளைச் சிறையில் கூட்டினார்கள். கிளைச் சிறைகள் பிதுங்கின. இடமில்லாமல், கொடுத்த தண்டனை முடியுமுன்பே பலரை வெளியே விட வேண்டியதாயிற்று. 2014-ல் சிறு திருட்டு முதலியவற்றின் தண்டனையையே ஜனங்கள் ஓட்டுப் போட்டுக் குறைத்த பிறகுதான் உள்ளூர்ச் சிறைகள் கொஞ்சம் மூச்சு விட்டன. அதே தேசத்தில் நியூ ஜெர்ஸியில் வேறு விதமாக யோசித்தார்கள். ‘பணம் கட்ட முடியுமா’ என்று கேட்பதை ஏறக்குறைய விட்டுவிட்டு, ‘விட்டால் ஓடிவிடுவானா, யாருக்காவது ஆபத்து உண்டா’ என்று மட்டும் கேட்பது என்று 2017 முதல் வைத்தார்கள். தீர்ப்புக்குக் காத்திருந்த கைதிகளின் எண்ணிக்கை பெருமளவில் இறங்கிவிட்டது. மற்றவர்கள் தண்டனைக் காலத்தைத் திருத்திக்கொண்டிருந்தபோது இவர்கள் வாசலில் கேட்கிற கேள்வியைத் திருத்தினார்கள்.

வாசலில் கேட்கிற கேள்வி நம் நாட்டில் என்ன? ‘உனக்குச் சொத்துள்ள சிநேகிதன் இருக்கிறானா?’ என்பதுதான். 1978-ல் மத்தியப் பிரதேசத்தில் மோதிராம் என்ற கொத்தனாருக்குப் பத்தாயிரம் ரூபாய் ஜாமீன் கேட்டார்கள். அவன் சகோதரன் ஜாமீன் நிற்க வந்தான். சொத்து வேறு ஜில்லாவில் இருக்கிறது என்று தள்ளிவிட்டார்கள். நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் அந்த உத்தரவைக் கிழி கிழியென்று கிழித்து, ஆயிரம் ரூபாய்ச் சொந்த ஜாமீனில் அவனை விடச் சொன்னார். ஒரே நாட்டுக்குள் அடுத்த ஜில்லாக்காரன் அந்நியனா என்பது அவருடைய கோபம். அதற்கு நாற்பத்தைந்து வருஷம் கழித்து, 2023 ஜனவரியில், உள்ளூர் ஜாமீன்தான் வேண்டுமென்று கேட்காதீர்கள் என்று சுப்ரீம் கோர்ட் மறுபடி எடுத்துச் சொல்ல வேண்டியிருந்தது. ஜாமீன் கிடைத்து ஒரு மாதமாகியும் வெளியே வர முடியாதவனுக்கு நிபந்தனையைத் தளர்த்தலாம் என்றும் சொன்னது. அதே வருஷம் மத்திய சர்க்கார் ஏழைக் கைதிகளின் ஜாமீனுக்காக நாற்பதாயிரம் ரூபாய் வரை கொடுக்க ஒரு திட்டமும் போட்டது. நல்ல திட்டந்தான். ஆனால் பையனிடம் அவர்கள் கேட்டது ஆளை.

இலவச சட்ட உதவியில் அவனுக்குக் கிடைத்த வக்கீல் சின்னப் பையன், உற்சாகமுள்ளவன். நிபந்தனையைத் தளர்த்த மனுப் போட்டான். முதல் வாய்தாவில் போலீஸ் தரப்பில் பதில் வரவில்லை. இரண்டாவதில் மாஜிஸ்திரேட் லீவு. மூன்றாவதற்குள் பழைய வழக்கு ஒன்று முளைத்துவிட்டது; அதற்குத் தனியாக ஜாமீன் மனு. சித்திரை வந்தது, வைகாசி வந்தது. வெயிலில் அந்த அம்மாள் புழலுக்குப் போய் வந்துகொண்டிருந்தாள். போகிற நாளில் கடை இல்லை. கடை இல்லாத நாட்களில் நானும் அந்தச் சிநேகிதரும் ஸ்டேஷன் டீக்கடையில் பன்னைத் தின்றுவிட்டு ரயில் ஏறினோம். எங்களுக்கு நேர்ந்த கஷ்டம் அவ்வளவுதான்.

ஜூன் மாதம் பையன் வெளியே வந்தான். எப்படி வந்தான் என்பதுதான் என் கோபத்துக்கு அடிப்படை. குற்றத்தை ஒப்புக்கொண்டு வந்தான்.

விசாரணையில் கழித்த நாட்களைத் தண்டனையில் கழித்துக்கொள்ளலாம் என்பது 1973-ஆம் வருஷச் சட்டத்திலேயே உண்டு. புதிய சட்டத்திலும் உண்டு. நல்ல எண்ணத்தில் செய்த சீர்திருத்தம். அது எப்படி வேலை செய்கிறது என்று பாருங்கள். ‘வழக்கை நடத்தினால் இன்னும் ஒரு வருஷமோ, இரண்டு வருஷமோ. ஒப்புக்கொண்டால் இருந்த காலமே தண்டனை என்று எழுதி இன்றைக்கே விட்டுவிடுவார்கள்’ என்று உள்ளே இருக்கிற பழம் பெருச்சாளிகள் சொல்லிக் கொடுத்தார்கள். வக்கீல் வேண்டாமென்று எவ்வளவோ சொன்னானாம். பையன் கூண்டில் நின்று, “ஆமாங்க, நான்தான் எடுத்தேன்” என்றான். இரண்டு வழக்கிலும் சொன்னான். இரண்டாவது திருட்டு நடந்த தேதியில் அவன் அந்தத் தொழிற்சாலையில் வேலைக்கே சேரவில்லை.

முதல் தடவையாகத் திருட்டில் அகப்பட்டவனைக் கண்டித்து மட்டும் விட்டுவிடலாம் என்று 1958-லேயே நன்னடத்தைச் சட்டம் ஒன்று இருக்கிறது. வேலைக்காரன் எஜமான் பொருளைத் திருடிய குற்றமும் அதில் பெயர் சொல்லி அடங்கியது. அதாவது முறையாக விசாரித்து, அவன் திருடினான் என்றே நிரூபணமாகியிருந்தாலும், ஒரு நாள்கூடச் சிறைக்குப் போகாமல் வீட்டுக்கு வந்திருக்க முடியும். விசாரிக்காததால் ஏழு மாதம் இருந்தான். வெளியே வருவதற்குக் குற்றவாளி என்ற பட்டத்தையும் வாங்கிக்கொண்டு வந்தான்.

இப்போது என் சிநேகிதர் சொன்ன மூன்றில் ஒரு பங்குக்கு வருவோம். அது இதுவரை தண்டனை பெறாதவர்களுக்கு மட்டும். இனி இந்தப் பையனுக்கு அது கிடையாது. அடுத்த முறை கும்மிடிப்பூண்டியில் எங்காவது கம்பி காணாமல் போனால் முதலில் யாரைப் பிடிப்பார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அப்போது அவன் ‘பழைய குற்றவாளி’. பாதிக் காலம் இருக்க வேண்டும்.

ஓடிப்போகிறவர்கள் இல்லையா, சாட்சியை மிரட்டுகிறவர்கள் இல்லையா என்று கேட்பார்கள். உண்டு. அவர்களை உள்ளே வையுங்கள், யார் வேண்டாமென்றது? அப்படிப்பட்டவர்களுக்குத்தான் ஜாமீன்தாரர்கள் வரிசையில் நிற்கிறார்கள் என்பதைப் பேப்பரில் தினம் பார்க்கிறோமே! நான் கேட்பது சின்ன விஷயம். ஜாமீனில் விடத்தக்கது என்று சட்டமே சொல்லும் குற்றங்களில், கைதாகி ஒரு வாரத்துக்குள் ஜாமீன் கொடுக்க முடியாதவனை ஏழை என்றே அனுமானித்துச் சொந்த ஜாமீனில் விட வேண்டும் என்று 2005-லேயே விதி செய்திருக்கிறார்கள். அந்த ஒரு வார விதியை, கோர்ட் ஜாமீன் உத்தரவு போட்டுவிட்ட எல்லா வழக்குகளுக்கும் நீட்டுங்கள். ஒருவனை விடலாமென்று மாஜிஸ்திரேட்டே எழுதிய பிறகு அவனை ஏழு நாளுக்கு மேல் வைத்திருப்பது அவனிடம் பத்திரம் இல்லை என்பதற்காக மட்டுமே. பத்திரம் இல்லாதது எந்தச் சட்டத்தில் குற்றம்?

இன்னொரு விஷயம் நமக்கு. ஜாமீன் கையெழுத்து மட்டும் போடாதே என்று என் தகப்பனார் எனக்குச் சொல்லியிருக்கிறார். உங்கள் தகப்பனாரும் சொல்லியிருப்பார். ஆபீஸ் சிநேகிதன் வீட்டுக் கடனுக்குப் பல லட்சத்துக்கு உத்தரவாதக் கையெழுத்துப் போடுகிறோம். பத்து வருஷமாகக் காலைச் சாப்பாடு போட்டவளுடைய பையனுக்குப் பத்தாயிரத்துக்குப் போட மாட்டோம். அவள் நின்ற ஐந்து வாசல்களில் யாரும் அவளை வையவில்லையாம். ஒரு வீட்டில் காபிகூடக் கொடுத்திருக்கிறார்கள். “செய்யாமலா பிடிப்பாங்க?” என்று மட்டும் இரண்டு வீட்டில் கேட்டார்களாம். அதில் ஒன்று என் ரயில் சிநேகிதர் வீடு. அவர் இதைப் படிப்பார், எழுத்துப் பிழையும் கண்டுபிடிப்பார். கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை.

சென்ற வாரம் பையன் என் வீட்டுக்கு வந்தான். காக்களூரில் ஒரு காண்டிராக்டர் வேலை தருவதாகச் சொல்லி ஒரு பாரம் கொடுத்திருக்கிறார். என்னை நிரப்பித் தரச் சொன்னான். பெயர், தகப்பனார் பெயர், ஐ.டி.ஐ. மதிப்பெண் எல்லாம் எழுதினேன். ஒன்பதாவது கட்டத்தில், ‘இதற்கு முன் ஏதேனும் குற்றத்துக்காகத் தண்டனை பெற்றதுண்டா?’ என்று இருந்தது.

“இதுக்கு இன்னா ஸார் எழுதறது?” என்றான்.

பேனாவை அவனிடமே கொடுத்துவிட்டேன். அவன் கொஞ்ச நேரம் அதைக் கையில் வைத்திருந்துவிட்டு, அப்புறம் அம்மாவைக் கேட்டுச் சொல்வதாகச் சொல்லிப் பாரத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனான்.